தகரத்தில் வந்தவள்

மோகனூர்
பவ வருஷம் ஆடி 12

என் தங்கை வள்ளியாத்தாளுக்கு அண்ணன் சென்னிமலை எழுதுவது.

யாரோ சின்னப்பிள்ளை கிறுக்கியது என்று இந்தக் காகிதத்தை ஒதுக்கிவிடாதே. எழுதுகிறவன் நான்தான். வரி ஒரு பக்கம் ஏறுகிறது, ஒரு பக்கம் சறுக்குகிறது. அழுத்தின இடத்தில் காகிதம் கிழிந்தும் இருக்கிறது. உனக்குப் படித்துச் சொல்லும், தோட்டத்து ஆஸ்பத்திரி டிஸ்பென்சர் சம்சாரம் குஞ்சம்மாளிடம், கிழவனைப் பொறுத்துக்கொள்ளச் சொல். இந்த ஒரு காகிதத்துக்கு எனக்கு மூன்று பகல் ஆயிற்று.

அறுபத்தாறு வயதில் எழுத்து வந்துவிட்டது, வள்ளி! மருமகள் சௌந்திரம்தான் சொல்லிக்கொடுத்தாள். முறத்தில் கம்பைப் பரப்பி விரலால் எழுதச் சொன்னாள். முதல் வாரம், "ஏனுங் மாமா, இது எழுத்துங்களா, கோழி கெளறுனதுங்களா?" என்று கேட்டாள். இப்போது சிரிப்பதில்லை. மைல்கல்லைக் கண்டால் படிக்கிறேன். தீப்பெட்டியைக் கண்டால் படிக்கிறேன். நேற்று உப்பு கட்டி வந்த காகிதத்தைப் படித்துக்கொண்டே சோற்றை ஆறவிட்டேன். இனி தபால்காரர் வாசலில் நின்று நம் வீட்டுச் சங்கதியைத் தெருவுக்கே வாசித்துக் காட்ட வேண்டியதில்லை.

இங்கு எல்லோரும் சுகம். மேட்டூரில் அணை முடிந்து தண்ணீர் திறக்கப் போகிறார்களாம். இனி வாய்க்கால் காயாது என்று பேசிக்கொள்கிறார்கள். வெற்றிலைக் கொடிக்கால் பச்சென்று இருக்கிறது.

உன் நத்தையும் சுகம். வெற்றிலை அடுக்கும் கொட்டகையில், வாய் உடைந்த மொடாவில் ஈரமண் போட்டு விட்டிருக்கிறேன். பப்பாளி இலை தின்கிறான். என் வெற்றிலைப் பையிலிருந்து சுண்ணாம்பு கொஞ்சம் தடவி வைத்தால் நக்கி நக்கித் தின்கிறான். ஓடு மினுமினுவென்று ஆகிவிட்டது. ஊர்க்காரர்கள் பார்க்க வருகிறார்கள். நம் வயல் நத்தை சுண்டைக்காய் என்றால் இவன் தேங்காய். தனுஷ்கோடியில் சுங்கக்காரர் கஞ்சா என்று நினைத்து உன் பிஸ்கோத்துத் தகரத்தைத் திறக்க, இவன் கொம்பை நீட்ட, அவர் அலறிக்கொண்டு தகரத்தைப் போட்ட கதையை எல்லோருக்கும் சொல்கிறேன். நீ மூட்டைக்காரி என்று பெயர் வைத்தாய். எனக்கு ஆண் என்றே படுகிறது. மூட்டைக்காரன் என்றுதான் கூப்பிடுகிறேன்.

முப்பத்தொரு வருஷம் கழித்து வந்தாய். ஒரு மாதம் இருந்தாய். திரும்பிப் போகும்போது, சிலோன் போகிறவர்களைச் சோதிக்கிற மண்டபம் கேம்பில் உயிருள்ள எதையும் விடமாட்டார்கள் என்று இதை என் கையில் கொடுத்தாய். "நானா வந்து கேக்கற வரைக்கும் இதுக்கு ஒண்ணும் ஆகக்கூடாதுண்ணா" என்றாய். ஆகாது.

உன் சுகத்துக்கு எழுதவும்.

சென்னிமலை

*

கேகாலை, சிலோன்
1934 செப்டம்பர் 2

அண்ணாவுக்கு வள்ளியாத்தாள் சொல்ல, குஞ்சம்மாள் எழுதுவது.

நான் சுகம். முழங்கால் வலி மட்டும் மழைக்கு வருகிறது. உன் கடிதத்தைப் பிள்ளைக் காம்பராவில் தொட்டிலை ஆட்டிக்கொண்டே கேட்டேன். நான் சிரித்த சிரிப்பில் தூங்கின பிள்ளைகள் மூன்றும் எழுந்துகொண்டன. அவர்களின் தாய்மார் ரப்பர் பால் எடுக்கப் போயிருக்கிறார்கள். மூன்றையும் இடுப்பில் போட்டுக்கொண்டு மிச்சத்தைக் கேட்டேன். வாத்தியார் பிரம்பை எடுத்ததும் பள்ளிக்கூடத்து வேலியைத் தாண்டி ஓடினவன் நீ. உனக்குப் பெண்பிள்ளைதான் சரியான வாத்தியார்.

இதை அப்படியே எழுத வேண்டும் என்கிறார் வள்ளி அத்தை: "ஏண்ணா, உனக்குப் புத்தி இருக்குதா? அவளைப் போயி ஆம்பளைங்கறே. ஆம்பளை எவனாச்சும் ஊட்டைத் தூக்கிட்டுத் திரிவானா? ஊட்டை உட்டுட்டுத்தான் திரிவான்."

அண்ணா, உன்னிடம் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். இந்த நத்தை இங்கே லட்சம் இருக்கிறது. ரப்பர்க் கன்றைக் கடிக்கிறது, கோப்பையில் வடிகிற பாலையும் குடிக்கிறது. எந்தக் காலத்திலோ எவரோ ஒரு பெரிய மனிதர் அழகுக்காகக் கொண்டுவந்தாராம். இப்போது மழை விட்டதும் வாளி வாளியாகப் பொறுக்கிக் குழியில் கொட்டிச் சுண்ணாம்பு போட வேண்டும் என்பது துரை உத்தரவு. அப்படிப் பொறுக்கின ஒரு நாளில் இவள் மட்டும் என் வாசற்படி ஏறி உள்ளே வந்தாள். என் வீட்டுக்காரர் போனபின் என் வீட்டுக்குள் தானாக வந்த உயிர் அது ஒன்றுதான். தகரத்தில் போட்டு மூடிவிட்டேன். ஒண்டி உயிர் என்ன செய்துவிடும்?

நான் ஊருக்கு வந்தபோது 'இங்கேயே இருந்துவிடு' என்றாயே, அதைக் கடிதத்தில் மறுபடி எழுதாதே. அவரைப் புதைத்த மண்ணை விட்டு வர எனக்கு இஷ்டமில்லை.

வள்ளியாத்தாள்

பெரியப்பாவுக்கு என் நமஸ்காரம். உங்கள் எழுத்து நன்றாகவே புரிகிறது. குஞ்சம்மாள்.

*

மோகனூர்
பவ வருஷம் புரட்டாசி 8

தங்கை வள்ளியாத்தாளுக்கு,

நலம். உன் முழங்காலுக்கு நொச்சி இலையை வதக்கிக் கட்டு.

நீ ஜெயித்தாய், நான் தோற்றேன்! உன் மூட்டைக்காரி முட்டை வைத்திருக்கிறாள். மொடாவின் அடியில் மண்ணைக் கிளறினால் துவரம்பருப்பு அளவில் வெளேரென்று நூற்றுக்கு மேல். அப்பன் எங்கே என்று கேட்காதே, அவளுக்குத்தான் தெரியும். பத்து நாளில் பொரிந்துவிட்டது. ஒவ்வொன்றும் கண்ணாடி மாதிரி ஓட்டோடு ஊர்கிறது. பிள்ளை பெற்றவளுக்குக் காய மருந்து கொடுக்க வேண்டாமா என்று நான் கேட்க, "கொடுங்க மாமா, தாய்மாமன் சீரும் நீங்கதான் செய்யோணும்" என்று சௌந்திரம் வாரினாள்.

செய்தேன். கமுகு மட்டையில் தொன்னை தைத்து, தொன்னைக்கு நான்காகப் போட்டு, கேட்ட வீட்டுக்கெல்லாம் கொடுத்தேன். பக்கத்துக் கொடிக்கால் சுப்பையனுக்குத் தெரியுமல்லவா, நம்மோடு ஆற்றில் நீந்தினவன், அவனுக்கு இரண்டு தொன்னை. "சிலோன் ஒறம்பரையை என்ற ஊட்டுலயும் கட்டிட்டியா?" என்று உறவு கொண்டாடி வாங்கிக்கொண்டான். மிச்சத்தைக் கொடிக்கால் அகத்தி நிழலில் விட்டேன்.

நீ வந்து ஒரு மாதம் இருந்துவிட்டுப் போனபின் வீடு வெறிச்சென்று இருந்தது. இப்போது ஊரெல்லாம் உன் வீட்டார்.

சென்னிமலை

*

கேகாலை
1934 நவம்பர் 6

அண்ணாவுக்கு வள்ளியாத்தாள் சொல்ல, குஞ்சம்மாள் எழுதுவது.

நான் சுகமாகத்தான் இருக்கிறேன். இங்கே காய்ச்சல். இந்த வருஷம் மழை பொய்த்து ஆறு குட்டை குட்டையாக நிற்கிறது, கொசு. கூலிக்காரர் லயத்தில் வீட்டுக்கு ஒருவர் படுத்திருக்கிறார்கள். காம்பராவில் பதினான்கு தொட்டிலில் ஆறுதான் ஆடுகிறது. அதனால் நீளமாகச் சொல்ல நேரமில்லை.

அண்ணா, நீ செய்தது தப்பு. அத்தை கையை ஓங்கிக்கொண்டு சொல்கிறார்: "கிறுக்குப் புடிச்சவனே, அதையா போயி ஊருக்கு வெத்தலைபாக்கு வெக்கற மாதிரி வெச்சே? மொதல்ல போயி வாங்கு."

கொடுத்ததையெல்லாம் திரும்ப வாங்கு. விட்டதைப் பொறுக்கு. எல்லாவற்றையும் கொதிக்கிற தண்ணீரில் போட்டுவிடு. ஒன்று இருந்தால் பார்க்க அழகு. நூறு இருந்தால் என்ன ஆகும் என்பதைத்தான் நான் இங்கே தினமும் மிதித்துக்கொண்டு நடக்கிறேன். உனக்கு முன்பே சொல்லியிருக்க வேண்டும்.

மூட்டைக்காரி மட்டும் இருக்கட்டும். அவளை ஒன்றும் செய்யாதே.

வள்ளியாத்தாள்

*

மோகனூர்
பவ வருஷம் மார்கழி 3

தங்கைக்கு,

உன் வசவு கிடைத்தது. அம்மா திட்டினது போலவே இருந்தது. இரண்டு தரம் படித்தேன்.

என் எழுத்து இப்போது நேராகிவிட்டது பார். சௌந்திரம் காகிதத்தின் கீழே கோடு போட்ட காகிதம் வைத்துத் தந்தாள்.

நீ சொன்னபடி பொறுக்கினேன். கொடுத்த வீடுகளில் பாதிப்பேர், அது எங்கேயோ ஊர்ந்து போய்விட்டது என்கிறார்கள். கொடிக்காலில் இருந்ததை இரண்டு கூடை எடுத்தேன். கொதிக்கிற தண்ணீர் மட்டும் என்னால் ஆகவில்லை. செருப்பையே வெளியில் விட்டுவிட்டு நுழைகிற இடம் கொடிக்கால். கொடிக்காலுக்குள் உயிர் எடுத்தால் கொடி வாடும் என்று அப்பா சாம்பல் தூவிக் கட்டெறும்பைக்கூட விரட்டத்தான் செய்வார், கொல்ல மாட்டார். உனக்கே தெரியும். அதனால் கூடையைத் தூக்கிப்போய் வாய்க்கால் கரையில் கவிழ்த்துவிட்டேன். அங்கே புல் நிறைய இருக்கிறது, பிழைத்துப் போகட்டும். சுப்பையனும் அப்படியே செய்தான்.

காய்ச்சல் எப்படி இருக்கிறது? கொய்னா மருந்து சாப்பிடுகிறாயா? எல்லாத் தொட்டிலும் ஆடுகிறதா? உடனே எழுது. தையில் வந்துவிடு என்று சொன்னால் திட்டுவாய். சொல்லிவிட்டேன், திட்டு.

சென்னிமலை

*

கேகாலை
1935 பிப்ரவரி 19

அன்புள்ள அண்ணன் அவர்களுக்கு வள்ளியாத்தாள் எழுதியது.

பதில் எழுதத் தாமதமானதற்கு மன்னிக்கவும். நான் சுகம். தாங்கள் அனைவரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். காய்ச்சல் இப்போது குறைந்துவருகிறது. தங்கள் எழுத்து மிகவும் நேராக இருக்கிறது. அடிக்கடி எழுதவும். தங்கள் கடிதத்தை இங்கே பலரும் ஆவலாகக் கேட்கிறார்கள்.

மூட்டைக்காரியைக் கேட்டதாகச் சொல்லவும்.

வள்ளியாத்தாள்

*

மோகனூர்
யுவ வருஷம் வைகாசி 5

தங்கை வள்ளியாத்தாளுக்கு,

நீ சுகம் என்று அறிந்து மூன்று மாதத்துக் கல் நெஞ்சிலிருந்து இறங்கியது. இங்கு எல்லாம் சுகம். இந்த வருஷம் வெற்றிலை கொஞ்சம் குறைவு. வெயில் அதிகம். மூட்டைக்காரி நன்றாகத் தின்கிறாள்.

வேறு விசேஷம் ஒன்றும் இல்லை. நீ எப்போதும் போல் நீளமாக எழுது.

சென்னிமலை

*

மோகனூர்
யுவ வருஷம் ஆவணி 20

தங்கைக்கு,

உன் உடம்பு எப்படி? வைகாசியில் உனக்கு எழுதியது பொய். வெற்றிலை குறைந்தது வெயிலால் அல்ல. உன்னைக் கலங்கவைக்க வேண்டாம் என்று அப்படி எழுதினேன். எழுத்துத் தெரிந்ததும் நான் முதலில் கற்றது பொய் எழுத என்று ஆகிவிட்டது.

வாய்க்கால் கரையில் கவிழ்த்தோமே, அவை அங்கே நிற்கவில்லை. அணைத் தண்ணீரால் கரை எந்நேரமும் ஈரம். பொறுக்கினவர்கள் எல்லோரும் என்னைப் போலவே கூடையை அங்கேதான் கவிழ்த்தார்கள். என் கொடிக்காலில் எடுத்தது சுப்பையன் மடைக்குப் போயிற்று, அவன் எடுத்தது அடுத்தவன் மடைக்குப் போயிற்று. ஆனி மழைக்குப் பிறகு இலைக்கு ஒன்று. அகத்திக் கன்றின் பட்டையை உரித்துவிட்டது. கொடியைக் குருத்தோடு தின்றுவிட்டது. சுப்பையனின் கொடிக்காலில் வெறும் குச்சி நிற்கிறது. நட்டு மூன்று வருஷம் ஆன கொடி.

போன வெள்ளிக்கிழமை அவன் என் கொட்டகைக்கு வந்தான். மொடாவைப் பார்த்துக்கொண்டு நின்றான். "இதுக்கு மட்டும் இன்னும் பப்பாளி எலையாண்ணா?" என்றான். "என்ற ஊட்டுக்குத் தொன்னை தெச்சுக் குடுத்தியே, அன்னைக்கே என்ற கொடியைப் புடுங்கிப் போட்டிருந்தாக்கூட வலிச்சிருக்காது" என்றான். அறுபது வருஷமாக என்னோடு சிரித்த வாய் அது.

சர்க்கார் விவசாய டிமான்ஸ்டிரேட்டர் வந்து பார்த்தார். ஒன்றுதானே வந்தது, ஒண்டி எப்படிக் குட்டி போட்டது என்று நான் கேட்டேன். "பெரியவரே, இதுல ஒவ்வொண்ணும் ஆணும்தான், பெண்ணும்தான். அங்கே ஒருதரம் கூடிட்டு வந்திருந்தா இங்கே வருஷக்கணக்கா முட்டை வைக்கும். ஒண்ணுதானேன்னு விடுறதுதான் எல்லா ஊர்லயும் நடக்கிற தப்பு" என்றார். ஆக நாம் இருவர் சொன்னதும் சரிதான். அது ஒன்றுதான் இந்தக் கடிதத்தில் சிரிக்கிறதுக்கு.

ஊர் கூடிப் பேசி முடிவாகிவிட்டது. பொறுக்கினதை வாய்க்காலுக்கு அப்பால் குழியில் போட்டு நீற்றாத சுண்ணாம்பைக் கொட்டித் தண்ணீர் விட வேண்டும். எந்த வீட்டிலும் ஒன்றைக்கூட வளர்க்கக் கூடாது. ஐப்பசி அமாவாசைக்குள் நான் மூட்டைக்காரியைக் கொடுக்காவிட்டால் என் மடைக்குத் தண்ணீர் கிடையாது. தண்ணீர் இல்லாவிட்டால் மிச்சமிருக்கிற கொடியும் பத்து நாள் தாங்காது. நான் எழுந்து, என் தங்கை வந்து கேட்கிற வரை காப்பாற்றுவதாகக் கைமேல் வாங்கியது, அவள் வாக்கு வராமல் தரமாட்டேன் என்றேன். "அப்ப எழுதிக் கேளுங்க, உங்களுக்குத்தான் எழுதத் தெரியுமே" என்றான் ஒருவன்.

கேட்கிறேன், வள்ளி. என்ன செய்யட்டும்? உன் வாயால் சொல்.

சென்னிமலை

*

கேகாலை
1935 செப்டம்பர் 17

அன்புள்ள அண்ணன் அவர்களுக்கு,

நலம். தங்கள் கடிதம் கண்டு மிகவும் வருந்தினேன். ஊரார் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. மூட்டைக்காரி விஷயத்தில் அண்ணன் அவர்கள் உசிதம் போல் செய்யவும். தாங்கள் எது செய்தாலும் எனக்குச் சம்மதம். உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்.

வள்ளியாத்தாள்

*

மோகனூர்
யுவ வருஷம் புரட்டாசி 12

தங்கை வள்ளியாத்தாளுக்கு,

உன் கடிதத்தைக் கொட்டகையில் உட்கார்ந்து பல தரம் படித்தேன். சௌந்திரத்தையும் படிக்கச் சொன்னேன். அவள் படித்துவிட்டுக் காகிதத்தை மடித்து என் மடியில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

உசிதம் என்ற வார்த்தையை நீ எந்தக் காலத்தில் பேசினாய்? என்னை நீங்கள் என்று எப்போது கூப்பிட்டாய்? ஆவணியில் எழுதினேனே, உன் பேச்சைத் தட்டிக் கூடையை வாய்க்கால் கரையில் கவிழ்த்து ஊரைக் கெடுத்தேன் என்று. அதற்கு நீ சும்மா இருப்பாயா? என்னைக் கிறுக்கன் என்று சொல்லவில்லை. எது செய்தாலும் சம்மதம் என்கிறாய். எதற்குமே நீ அப்படிச் சம்மதித்தது கிடையாது.

எனக்குக் கேட்கப் பயமாக இருக்கிறது. அதனால் நேராகக் கேட்காமல் வேறு ஒன்று கேட்கிறேன். பதிலில் ஒரே ஒரு வசவு எழுது. வேறு எதுவும் வேண்டாம். உன் வாயிலிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். அதற்குப் பிறகு நீ கொல் என்றால் கொல்கிறேன், வேண்டாம் என்றால் கொடிக்கால் காய்ந்தாலும் சரி.

அமாவாசைக்கு இன்னும் ஒரு மாதம் இருக்கிறது.

சென்னிமலை

*

கேகாலை
1935 அக்டோபர் 9

பெரியப்பா அவர்களுக்குக் குஞ்சம்மாள் நமஸ்காரம் செய்து எழுதுவது.

நீங்கள் கேட்ட வசவை எழுத நான்கு நாள் முயன்றேன். அத்தை பேசினது எல்லாம் என் காதில் இருக்கிறது. எழுதியிருந்தால் நீங்கள் நம்பியிருக்கக்கூடும். கை வரவில்லை.

அத்தை போன மார்கழி ஒன்பதாம் தேதி தவறிப்போனார். காய்ச்சல்தான். காம்பராவில் கடைசியாக இருந்த இரண்டு பிள்ளைகளுக்கு ஈரத்துணி போட்டுக்கொண்டே இருந்தவர், ஒரு நாள் காலையில் தானும் அதே பாயில் படுத்துவிட்டார். நான்காம் நாள் போய்விட்டார். அந்தப் பிள்ளைகளில் ஒன்று பிழைத்திருக்கிறது. நடக்கிறது. மாமாவைப் புதைத்த இடத்துக்குப் பக்கத்திலேயே அத்தைக்கும் இடம் கிடைத்தது.

அந்த மாதம் இந்த லயத்திலிருந்து ஊர்களுக்குப் போன கடிதங்களை நான்தான் எழுதினேன். பதினேழு. பதினேழும் சாவுக் கடிதம். பதினெட்டாவதை உங்களுக்கு எழுத உட்கார்ந்தபோது உங்கள் கடிதம் வந்தது. அத்தை போய் மூன்று நாள் ஆகியிருந்தது. 'என் எழுத்து இப்போது நேராகிவிட்டது பார்' என்று எழுதியிருந்தீர்கள். திட்டு என்று எழுதியிருந்தீர்கள். நான் எழுதிய காகிதத்தை மடித்து வைத்துவிட்டேன். நாளைக்கு எழுதலாம், அடுத்த வாரம் எழுதலாம் என்று தை முழுவதும் போயிற்று. பிறகு அவர் பெயரிலேயே எழுதிவிட்டேன்.

அத்தை சொல்லும்போது உங்களை 'நீ' என்று எழுத என் கை கூசியதே இல்லை, அது அவர் வாய். நானாக எழுதும்போது அந்த எழுத்து வரவில்லை.

நத்தையைப் பற்றிக் கேட்டீர்கள். கடைசி நாட்களில் அத்தை அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அவருக்கு நினைவே இல்லை. கொன்றுவிடச் சொன்னார் என்று எழுதிவிடுவது எனக்கு எளிது, உங்களுக்கும் ஆறுதலாக இருக்கும். இனி அவர் சொல்லாத ஒரு சொல்லையும் எழுதமாட்டேன்.

உங்களைப் பத்து மாதம் ஏமாற்றினேன். பதினாறாம் நாள் காரியம்கூடச் செய்ய முடியாமல் ஆக்கிவிட்டேன். என்னை என்ன திட்டினாலும் தகும்.

குஞ்சம்மாள்

*

மோகனூர்
யுவ வருஷம் ஐப்பசி 14

குஞ்சம்மாள் அம்மிணிக்குச் சென்னிமலை எழுதுவது.

நீயும் உன் வீட்டுக்காரரும் சுகமா? இங்கு சௌந்திரமும் மற்றவர்களும் சுகம். நான் இருக்கிறேன்.

உன் கடிதம் வந்த அன்று நான்தான் பிரித்தேன், நான்தான் படித்தேன். முன்பு போல் தபால்காரர் படித்திருந்தால் தெருவே கூடி அழுதிருக்கும், நானும் அதில் கலந்து அழுதிருப்பேன். இது தனியாகப் படிக்கிற கடிதமாகிவிட்டது. 'தவறிப்போனார்' என்ற வார்த்தையில் விரலை வைத்துக்கொண்டு வெகுநேரம் அடுத்த வார்த்தைக்குப் போகவில்லை.

உன்னைத் திட்டவில்லை, சாமி. பதினேழு எழுதின கைக்கு என்ன வசவு இருக்கிறது? எனக்குப் பத்து மாதம் தங்கை இருந்தாள், உன்னால். அவள் பெயரில் நீ ஒரு உத்தரவும் போடாமல் விட்டதற்குத்தான் நான் உனக்குக் கடன்பட்டிருக்கிறேன். போட்டிருந்தால் பாரத்தை அவள் தலையில் வைத்துவிட்டு நான் சும்மா இருந்திருப்பேன்.

அமாவாசைக்கு முதல் நாள் காலையில் மொடாவோடு தூக்கிக்கொண்டு குழிக்குப் போனேன். சுப்பையன் முன்னாலேயே நின்றிருந்தான். சௌந்திரம் அவனிடம் சொல்லியிருக்கிறாள் போலும். "நீ தள்ளி நில்லுண்ணா, நான் போடறேன்" என்றான். நான் வேண்டாம் என்றேன். என் கையில் வாங்கியது, என் கையால்தான் போக வேண்டும். வெளியில் எடுத்ததும் கொம்பை நீட்டி என் விரலைத் தடவினாள். தின்ன ஏதோ வைத்திருக்கிறேன் என்று நினைத்திருப்பாள். சுண்ணாம்பு கொதித்துக்கொண்டிருந்தது. அதற்கு மேல் எழுத வேண்டாம். சுப்பையன் மண்ணைத் தள்ளினான். தள்ளி முடித்துவிட்டு, "வள்ளி நீந்தறப்ப நம்ம ரெண்டு பேரையும் முந்திருவாள்ல" என்றான். இருவரும் காவேரியில் இறங்கினோம். தப்பிப்போன பதினாறாம் நாள் காரியத்துக்கு ஐயர் ஏதோ வழி சொன்னார். எள்ளும் தண்ணீரும் விட்டேன். நத்தைக்கும் தங்கைக்கும் சேர்த்து ஒரே முழுக்கு.

என் மடையைத் திறந்துவிட்டார்கள். கொடி பாதிதான் மிச்சம். சுப்பையனுக்கு என் கொடியிலிருந்து நாற்றுத் துண்டு வெட்டிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டான். துண்டை ஒவ்வொன்றாகத் திருப்பித் திருப்பிப் பார்த்த பிறகுதான் வாங்கினான்.

ஊரில் ஒரு கட்டுப்பாடு செய்திருக்கிறோம். அதை வாய்க்கால் மதகுச் சுவரில் எழுத வேண்டும் என்றார்கள். யார் எழுதுவது என்று பேச்சு வந்தபோது ஒருவரும் என் பக்கம் பார்க்கவில்லை. நானே எழுந்து காவியைக் கரைத்து எழுதினேன். ஒரு பகல் முழுவதும் ஆயிற்று. 'சிலோன், மலாயா, வேறு எந்தத் தேசத்திலிருந்து வருகிறவர்களும் உயிருள்ள பிராணி எதையும் வளர்ப்பதற்காக இந்த ஊருக்குள் கொண்டுவரக் கூடாது. ஒன்றே ஒன்றாக இருந்தாலும் கூடாது.' கீழே என் பெயரையும் போட்டேன். போட வேண்டியதில்லை என்றார்கள். தப்பு செய்தவன் பெயர் இருந்தால்தான் படிக்கிறவன் நிற்பான் என்றேன்.

எழுதிவிட்டுப் பார்த்தேன். வள்ளி வந்த அன்று இது இங்கே இருந்திருந்தால் என்ன செய்திருப்பாள்? அவளுக்குப் படிக்கத் தெரியாது. யாராவது படித்துச் சொல்லியிருப்பார்கள். 'எழுதினவனைக் கூப்பிடு' என்று இடுப்பில் கை வைத்து நின்றிருப்பாள், தகரத்தை முந்தானையில் சுற்றிக்கொண்டு. நான் போய் நின்றிருப்பேன். அவளை உள்ளே விட்டிருப்பேனா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

எனக்குக் கடிதம் எழுத இந்த உலகத்தில் வேறு யாரும் இல்லை. இருக்கிறவர்கள் எல்லோரும் கூப்பிடு தூரத்தில் இருக்கிறார்கள். நீ இனி எனக்கு அவள் பெயரில் எழுத வேண்டாம். உன் பெயரில் எழுது. நீ எந்த ஊர்ப் பெண், உனக்கு அப்பா அம்மா இருக்கிறார்களா, அந்தப் பிழைத்த குழந்தைக்கு என்ன பெயர், ஒன்றுமே எனக்குத் தெரியாது. எப்போதும் உன் கையைத்தான் படித்தேன், உன்னைக் கேட்டதில்லை.

வள்ளி என்னைத் திட்டினதில் நீ காகிதத்தில் ஏற்றாமல் விட்டது ஏதாவது இருந்தால் அதையும் எழுது. இங்கே விளக்கெண்ணெய் தீர்ந்து, பொழுதும் சாய்கிறது. சொல்ல வேண்டியது இன்னும் இருக்கிறது, கை ஓய்ந்துவிட்டது. வருகிற வாரம் சந்தை முடிந்ததும் உட்கார்ந்து மறுபடி எழுதுகிறேன்.

உன் பெரியப்பா
சென்னிமலை